இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்

எதிர்முனையில் மணி அடிக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டதுமே சொர்ணலதா கையைத் தூக்கிவிட்டாள். முடிந்துவிட்டது என்றாள்.

பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்திருந்த ஜெனிபர் சிரித்தாள். "அக்கா, மணி அடிச்சா போதாது. பேசிக் காட்டணும். ரெண்டு பக்கமும் கேக்கணும்."

பதினான்கு வருடம் கம்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் செம்புக் கம்பிகளோடு பழகிய கை அது. அங்கே மணி அடித்தால் லைன் சரி என்று அர்த்தம். போகிற பேச்சும் வருகிற பேச்சும் ஒரே ஜோடிக் கம்பியில் ஓடும். இன்டர்நெட் போனில் அப்படியில்லை. மணி ஒரு வழியில் போகிறது, குரல் வேறு வழியில் போகிறது. ஐந்து நாளாக ஜெனிபர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தேனி அல்லிநகரத்து மூன்றாவது மாடி ஹாலில் உட்கார்ந்து சொர்ணலதா இதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் பரீட்சையில் கை மறந்துவிட்டது.

கம்பம் எக்ஸ்சேஞ்ச் அடுத்த மாதம் மூடப்படுகிறது. இந்தப் பயிற்சியில் தேறினால் தேனி கன்ட்ரோல் ரூமில் வேலை. தேறாவிட்டால் ஓசூர் ஆபீஸ். நான்கு மணிக்குத் தேறியவர்கள் பட்டியல் போய்விடும். அப்போது மணி மூன்று இருபது.

பயிற்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது அவள் கணவன் கார்த்திக்ராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டான். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கம்பத்தில் அவனுக்கு ஏலக்காய்க் கடை. ஓசூர் என்றால் அவள் ஒரு ஊர், அவன் ஒரு ஊர். ஏழு வயது மகள் யாரோடு இருப்பாள்? கோபம்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

ஆனாலும் பரீட்சையில் எதிர்முனையாக இருக்கும் போனை வைக்க அவன் கடையைத்தான் கேட்டாள். அதற்கும் அவன் தலையை மட்டும் ஆட்டினான். நேற்றுச் சாயங்காலம் தராசுக்குப் பக்கத்தில் போனை வைத்து, மோடத்தோடு இணைத்துவிட்டு வந்திருந்தாள். கோளாறு வந்தால் ஸ்பீக்கரைப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள், கட் பண்ணாதீர்கள் என்றும் சொல்லியிருந்தாள்.

இப்போது அவன் எடுத்தான். "ஹலோ. லதா?"

"கேக்குதுங்க. சொல்லுங்க."

"ஹலோ... ஒன்னும் கேக்கலையே."

அவன் குரல் ஹால் முழுவதும் கேட்டது. அவள் குரல் அவனுக்குப் போகவில்லை. சொன்னபடியே அவன் ஸ்பீக்கரைப் போட்டு ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. சொர்ணலதா கம்ப்யூட்டரில் ஒன்றை மாற்றினாள், அது இல்லை என்று பழையபடி வைத்தாள். பரீட்சை என்பதால் ஜெனிபர் வாய் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் தன் முறைக்குக் காத்திருந்த சின்னமனூர் வைகுண்டராஜ், பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் ஏலக்காய் சலிக்கும் அழகுமலையின் குரல் கேட்டது. "வீட்டுல நீங்க பேசாம இருந்தீகள்ல அண்ணாச்சி. இப்ப மதினி முறை போல."

ஹாலில் சிலர் சிரித்தார்கள். ஜெனிபர் ஸ்பீக்கரை அணைக்கப் போனாள்.

"நான் என்னத்தடா பேச?" என்றான் கார்த்திக்ராஜ். ஜெனிபரின் கை அப்படியே நின்றது. "பரிச்சைக்குப் படிக்கிறவகிட்ட ஓசூரு, வீடுன்னு இழுத்தா படிப்பு ஏறுமா? பாஸாயிட்டா அல்லிநகரத்துல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். பாப்பா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிரலாம். நான் பஸ்ல கடைக்கு வந்துக்கிருவேன்."

"ஆகலைன்னா?" என்றான் அழகுமலை.

"ஆகலைன்னா ஓசூரு. அங்கன என்ன, ஏலக்காய் போடாமலா டீ குடிக்கிறாக? ஒரு கடையப் போட்டுட்டாப் போச்சு."

சொர்ணலதா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து நாளாக அவள் கோபம் என்று நினைத்திருந்தது கோபமே இல்லை. இனி எந்த ஊர் என்றாலும் சரி என்று தோன்றியதும், அவளால் யோசிக்க முடிந்தது.

அவர் குரல் வருகிறது. என் குரல் போகவில்லை. அப்படியானால் இங்கிருந்து குரலை அனுப்பும் முகவரிதான் தப்பு. கம்ப்யூட்டரில் கடைப் போனின் பதிவைத் திறந்து பார்த்தாள். மோடம் கடைக்குள் கொடுத்த உள்முகவரி மட்டும் இருந்தது. தபால் கவரில் ஊர் பெயர் இல்லாமல் 'தராசுப் பக்கத்து மேஜை' என்று எழுதிப் போட்டது போல. குரல் எந்த வெளிமுகவரியிலிருந்து வருகிறதோ அதற்கே பதிலும் போகட்டும் என்று மாற்றி, சேவ் செய்தாள். இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தாள்.

மணி அடித்தது. இந்த முறை அவள் கையைத் தூக்கவில்லை.

"ஹலோ."

"நான்தாங்க. இப்பக் கேக்குதா?"

"கேக்குது. பக்கத்துல இருந்து பேசுற மாதிரி கேக்குது." சட்டென்று குரல் தாழ்ந்தது. "முன்னாடி நான் பேசுனது எதுவும் உனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. இங்க பதினோரு பேருக்கும் கேட்டுச்சு."

அழகுமலை சிரிப்பது கேட்டது. கார்த்திக்ராஜிடமிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் பயப்படவில்லை. அவன் வெட்கப்படுகிறான் என்று தெரிந்தது. மூன்று ஐம்பதுக்கு ஜெனிபர் தாளில் அவள் பெயருக்கு எதிரே தேர்ச்சி என்று எழுதி, அவளுக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினாள்.

"பாஸாயிட்டேங்க," என்றாள் சொர்ணலதா. கூடவே, "அந்த வீட்டுல தண்ணி எப்பிடி?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருதாம். தொட்டி பெருசு. நீ வந்து பாத்துட்டுச் சொல்லு."

வைகுண்டராஜ் நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஆத்தா, மிச்சத்த வீட்டுல போய்ப் பேசு. எனக்குப் பத்து நிமிசம்தான் இருக்கு."

சொர்ணலதா எழுந்து இடம் விட்டாள். ஆனால் போகவில்லை. அவர் போனின் பதிவில் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பரீட்சை ஆயிற்றே, சொல்லக் கூடாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றாள்.