கைகளை இறக்கிய நேரம்

தான் ஒரு கண்டக்டர் என்று அந்த அம்மா சொன்னால், “டிக்கெட் குடுக்கிறவங்களா?” என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு சேர்ந்திசைக் குழுவைக் கையசைவாலேயே கட்டி மேய்க்கிறவருக்கு அந்தச் சிரிப்பு அவசியம்.

குழுவிலேயே பெரிய குரல் அவருடைய நாத்தனாருக்கு. போன போட்டியில் நடுவர், “ஒருத்தர் பாடுறாங்க, மத்தவங்க கூடவே ஓடுறாங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இந்த முறை ஒத்திகை தொடங்கியதுமே கண்டக்டர் எல்லோரையும் இடம் மாற்றினார். மேல்குரல் பாடுகிறவருக்குப் பக்கத்தில் கீழ்க்குரல் பாடுகிறவர். நாத்தனார் கடைசி வரிசைக்குப் போனார், குழுவில் பாடும் பல் டாக்டருக்கும் பேக்கரிக்காரருக்கும் நடுவில்.

“என்னை ஓரங்கட்டிட்டீங்களா அண்ணி?”

“இல்லம்மா. எல்லாரும் உன் மேல சாஞ்சுக்கிறாங்க. அவங்க சொந்தக் கால்ல நிக்கணும்.”

“நான் என்ன செய்யணும்?”

“பக்கத்துல பாடுறவங்க குரல் உன் காதுல விழணும். விழலைன்னா நீ கத்துறேன்னு அர்த்தம்.”

நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் ஒத்திகைக்கு வராமல் இருக்கவில்லை.

பல நாள் பாட்டே கிடையாது. கண்டக்டர் கையை உயர்த்துவார், எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். “நாம காத்து வாங்கவா வந்தோம்?” என்று பேக்கரிக்காரர் முணுமுணுத்தார்.

“மூச்சு ஒண்ணா வந்தா குரல் தானா ஒண்ணா வரும். மறுபடியும்.”

போட்டியன்று மேடையில் எந்த வாத்தியமும் இல்லை. பாட்டு தணிந்து போகும் இடத்தில், எல்லோருடைய நெஞ்சும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்டக்டர் பார்த்தார். சட்டென்று இரண்டு கைகளையும் இறக்கிவிட்டார். பேக்கரிக்காரருக்குக் கண் பிதுங்கியது. ஆனால் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. பின்வரிசையில் நாத்தனாரின் குரல் இழையாக மெலிந்து, மற்ற குரல்களுக்குள் கரைந்தது.

பாட்டு முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. போன முறை குறை சொன்ன நடுவரே முதல் பரிசை அறிவித்தார்.

“பல் டாக்டர் இவ்வளவு நல்லா பாடுவார்னு எனக்குத் தெரியவே தெரியாது அண்ணி,” என்றார் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கூட்டம் விடவில்லை, இன்னொரு பாட்டு கேட்டது. அவர் நாத்தனாரைக் கைப்பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“இப்ப முழுக் குரலையும் விடு. இவங்க தாங்குவாங்க.”

தாங்கினார்கள்.