சும்மாதான் இருக்கேன்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகள் நீளமானவை. தரையில் படக் கூடாது என்பதால் கொடிகளை உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஈரத்துணியை உதறி, ஒரே வீச்சில் கொடியில் போடுவதில் கஞ்சியக்காவை மிஞ்ச ஆளில்லை. துணிக்குக் கஞ்சி போடும் வேலையில் சேர்ந்ததால் வந்த பெயர் அது. கஞ்சி போடுவது நின்று எவ்வளவோ காலமாகியும் பெயர் மட்டும் விறைப்பாக நின்றது.

அன்று குழாயடியில் தேங்கிய சோப்புத் தண்ணீரில் அவள் கால் வழுக்கியது. துணி மூட்டையோடு வலது தோள் தரையில் மோத விழுந்தாள். உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது.

மேற்பார்வையாளன் ஓடி வந்து நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். சலவையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த கம்பெனியின் ஆள் அவன். கம்பெனிப் பெயர் போட்ட மேலங்கியை அவளால் கழற்ற முடியவில்லை. வலக்கைப் பக்கம் கத்தரியால் வெட்டி அவனே எடுத்தான்.

"அக்கா, வீட்டுல விழுந்ததா சொல்லிடுங்க. இங்கன்னு தெரிஞ்சா விசாரணை அது இதுன்னு ஒப்பந்தமே போயிடும். எல்லார் பொழப்பும் இதுலதானே இருக்கு? கை சரியானதும் உங்க கொடி உங்களுக்குத்தான். நான் இருக்கேன்ல?"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. தன்னால் நாலு பேர் சோற்றில் மண் விழுவானேன்?

மேலே எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அமைதியான பெண். அவர் போட்டிருந்த பச்சை உடுப்பின் பையோரத்தில் இருந்த மசிக்கறை கஞ்சியக்காவுக்குப் பழக்கமானதுதான். எத்தனை முறை தேய்த்தாலும் போகாத கறை.

"தோள் உருண்டை நாலு துண்டா உடைஞ்சிருக்கும்மா. என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலையா? ஒண்ணுமில்ல டாக்டர். வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

பக்கத்தில் நின்ற மகள் வாயைத் திறந்தாள். கஞ்சியக்கா அவள் காலை மிதித்தாள்.

"அப்ப ஆபரேஷன் வேண்டாம். கழுத்தோட சேத்துக் கட்டுப் போட்டா இந்த வயசுல போதும். எலும்பு தானா கூடிடும்."

கத்தி படாமல் தப்பித்ததில் கஞ்சியக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடி" என்று வழியெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

மாதங்கள் போய், கட்டுப் பிரித்து, பயிற்சியும் முடிந்தது. கடைசியாகப் போனபோது டாக்டருக்குத் திருப்தி.

"நல்லா கூடியிருக்கு. கையத் தூக்குங்க."

கை மார்பு வரை வந்து நின்றது.

"இதுக்கு மேல எப்போ வரும் டாக்டர்?"

"அவ்வளவுதாம்மா வரும். சாப்பிட, முகம் கழுவ இது போதுமே. வீட்டுல சும்மாதானே இருக்கீங்க?"

மகளால் பொறுக்க முடியவில்லை. "சும்மா எங்க இருந்தாங்க? நீங்க போட்டிருக்கற துணியைக்கூட இவங்கதான் துவைச்சுக் காயப்போட்டாங்க!"

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். குரல் தாழ்ந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா செயற்கை மூட்டு வச்சிருப்பேனேம்மா. கைய மேல தூக்கி வேலை செய்யறீங்களான்னு தெரியத்தானே கேட்டேன்? இப்பவும் வைக்கலாம். ஆனா கோணலா கூடின எலும்புல, அப்ப வச்சிருந்தா வந்திருக்கற அளவு வராது."

"கொடி எட்டுமா?"

"சொல்ல முடியலம்மா."

கஞ்சியக்காவுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. ஒரு சின்னச் சொல்; அதற்குப் போய் இவ்வளவு கனமா?

மேற்பார்வையாளன் வாக்கு மாறவில்லை. "வாங்கக்கா, உங்க கொடி காத்துக்கிட்டிருக்கு" என்று சிரித்தான். அவள் ஒரு துணியை எடுத்து உதறினாள். அது கொடிக்கு வெகு கீழே அவள் முகத்திலேயே வந்து விழுந்தது. இன்னொரு முறை இடக்கையால் முழங்கையைத் தாங்கித் தள்ளிப் பார்த்தாள். வலியில் கண்ணில் நீர் வந்தது.

"கீழ உக்காந்து மடிக்கற வேலையாவது குடு தம்பி. இங்க விழுந்த கைதானே?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "மடிக்க ஆள் இருக்கேக்கா. கம்பெனில கேட்டேன். வீட்டுல விழுந்தவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்னுட்டாங்க."

அவள் வாசலை நோக்கிப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நடந்தாள். குழாயடி இப்போது காய்ந்திருந்தது. யாரும் வழுக்கி விழாதபடி, கசியும் தண்ணீரை உறிஞ்ச ஒரு துணியைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அவளுடைய மேலங்கி. வலக்கைப் பக்கம் வெட்டியிருந்தது.