மேடையில் இரண்டு நாற்காலி

பெற்றோர் சங்கத்து மேடையில் அந்த இரண்டு நாற்காலிகளையும் ஒட்டித்தான் போட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நடுவில் ஒரு சாண் இடைவெளி தெரிந்தாலும் போதும், அவளே வந்து முழங்காலால் தள்ளிச் சேர்த்து வைத்துவிட்டுப் போவாள். ஒன்றில் அவள் மகன் சின்னவன் உட்கார வேண்டும். இன்னொன்றில் அவனோடு குடும்பம் நடத்துகிற நெட்டை. நடத்துகிற என்று சொன்னது தப்பு. அந்தக் குடும்பம் முடிந்துபோய் மாதக்கணக்காகிறது. அதை அம்மாவிடம் யார் வாயால் சொல்வது என்பதுதான் பாக்கி.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி, முப்பது பேர் உட்காரலாம். ஆணை விரும்பும் மகனைப் பெற்றவர்கள், பெண்ணை விரும்பும் மகளைப் பெற்றவர்கள், மகன் என்று வளர்த்த பிள்ளை தன்னை மகள் என்று சொல்லக் கேட்டவர்கள், எல்லோரும் மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுவார்கள். அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், டீ குடிப்பார்கள், வந்ததைவிடக் கொஞ்சம் லேசாக இறங்கிப் போவார்கள்.

அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனவனே சின்னவன்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டிப்போனான். முதல் இரண்டு கூட்டமும் அவள் வாயைத் திறக்கவில்லை, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் விம்மி விம்மி அழுதாள். நாலாவதில் மைக்கைப் பிடித்தாள். பிடித்தவள் பிடித்தவள்தான், இன்றுவரை விடவில்லை. "என் பையனும் என் மருமகனும்" என்று அவள் ஆரம்பித்தால் எப்பேர்ப்பட்ட அப்பனும் கைக்குட்டையைத் தேடுவான். வெளியூர்க் கூட்டங்களுக்கெல்லாம் அவளைக் கூப்பிட்டார்கள். உதவி கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கான சங்கத்து போனும் அவள் கைக்கே வந்து சேர்ந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் சின்னவன் சந்தோஷமாகச் செய்திருந்தான்.

சரி, குடும்பம் ஏன் முடிந்தது என்று கேட்டால், சொல்வதற்குச் சுவாரசியமாக ஒன்றுமே கிடையாது. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. கண்ணாடிக்கடையிலிருந்து சின்னவன் வருவான், ஆஸ்பத்திரி லேபிலிருந்து நெட்டை வருவான், இருவருக்கும் பேச விஷயம் இருக்காது. முதலில் சண்டை போட்டார்கள். அப்புறம் அதற்கும் அலுத்துப்போனது. தனித்தனி அறைக்குப் போகலாமென்றால் வீட்டில் இருப்பதே இரண்டு அறை, மற்றதில் அம்மா. ஆக, நெட்டை கட்டிலில், சின்னவன் கீழே பாயில். காலையில் அம்மா எழுவதற்குள் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட வேண்டும். திருட்டுத்தனமாகச் சேர்ந்து வாழ்ந்த காலம் போய், இப்போது திருட்டுத்தனமாகப் பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். என்ன கொடுமை பாருங்கள்.

அந்த ஞாயிறு காலை நெட்டை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "வெளியூர்ல கேட்டிருந்த அந்த வேலை எனக்குக் கிடைச்சிடுச்சு. வர்ற வாரம் கிளம்பறேன். இன்னைக்குக் கூட்டம்தான் கடைசி. அது முடிஞ்சதும் அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

"இன்னைக்குச் சொல்லிடறேன்டா. சத்தியமா."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவனும் இருந்தான். சொன்னால் மூச்சு வரும். அந்த அறையில் அவனுக்கு மூச்சு முட்டியது, பொய்யாகச் சொல்லவில்லை, ராத்திரியெல்லாம் பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தை வெறித்தபடி, இன்னும் எத்தனை வருஷம் என்று மலைத்துப்போய்க் கிடந்தான்.

கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் பின்வரிசையில், எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பேசி முடித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், அவர் மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்றார்.

"நீங்க நல்லாப் பேசறீங்கம்மா. ஆனா எனக்குப் பேச்சு வேண்டாம். என் பொண்ணு இன்னொரு பொண்ணோடதான் வாழ்வேன்னு நிக்கறா. ரூம்ல போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கேன். அவளுக்கு வேற இடத்துல பேசி வச்சிருக்கு, நாளைக்கு நான் பதில் சொல்லணும்." அவர் குரல் கரகரத்தது. "இதெல்லாம் ரெண்டு வருஷ ஆட்டம், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்கன்னு என் தம்பி சொல்றான். நாளைக்கு அந்தப் பொண்ணு இவளைத் தனியா விட்டுட்டுப் போயிட்டா இவளுக்கு யாரு இருக்கா?" மேடையைப் பார்த்துக் கையை நீட்டினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. உங்க அம்மா வேண்டாம், நீங்க சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா? நிலைக்குமா?"

சின்னவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? வாய்த்திருக்கிறது, கழுத்தை நெரிக்கிற மாதிரி. நிலைக்கவில்லை சார், ஆனாலும் கதவைத் திறந்துவிடுங்கள், பிரிந்து போகவும் அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லலாம். அவன் மனதில் அது வரிவரியாக ஓடவும் செய்தது. ஆனால் அந்த மனிதர் அதில் முதல் வார்த்தையோடு எழுந்து போய்விடுவார் என்று அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. எங்கேயோ ஒரு பெண் பூட்டிய கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கோம் சார்," என்றான் சின்னவன். "நிலைக்கும்."

நெட்டையின் கை வந்து அவன் கைமேல் உட்கார்ந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று வைத்த கை. அது சில்லென்று இருந்தது. முன்வரிசையில் யாரோ அழுதார்கள். டிரைவர் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

டீ குடித்துக் கூட்டம் கலைய இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. திரும்பும்போது காரை நெட்டை ஓட்டினான். அம்மா முன்னால் உட்கார்ந்தாள், சின்னவன் பின்னால். இரண்டு தெரு தாண்டியும் பின்னாலிருந்து சத்தமே வராததால் நெட்டையே ஆரம்பித்தான்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"தெரியும்பா," என்றாள் அம்மா.

"இல்லம்மா, நானும் இவனும்..."

"தெரியும்னு சொல்றேன்ல. வெள்ளைப்பூண்டு உரிக்கிறப்பகூட உங்க ரூம்லேர்ந்து சண்டை கேட்டுட்டு இருக்கும். திடீர்னு நின்னு போச்சு. ரெண்டு பேர் இருக்கற ரூம்ல சண்டையே கேக்கலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

சின்னவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமாம்மா எங்களை மேடையேத்தினே?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "உங்கப்பா கண்ணை மூடறதுக்கு முன்னாடி பத்து வருஷம் நானும் அவரும் பேசிக்கிட்டதே கிடையாது. உன் அண்ணன் கல்யாணத்துல சிரிச்சுக்கிட்டே ஜோடியா நின்னோம். உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. அந்த வீட்டிலேயே வளர்ந்தவனுக்குத் தெரியவே இல்லை. அவனுக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது, அதோடு அவளை நினைத்து அழுகையும் வந்தது, எதை முதலில் காட்டுவதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உன்னைப் பிடிச்சு வைக்கலப்பா," என்று அம்மா நெட்டையிடம் தணிந்த குரலில் சொன்னாள். "போ. எனக்கு வருத்தம்தான், ஆனா போ. நான்தான் மைக்கைப் பிடிச்சிட்டேன். இப்ப எப்படி விடறதுன்னு தெரியல."

அப்போது சங்கத்து போன் அடித்தது. அம்மா எடுத்தாள், கேட்டாள், பின்னால் நீட்டினாள். "உன்கிட்டதான் பேசணுமாம். உண்மையைச் சொல்றதுன்னாலும் சொல்லு. நான் தடுக்க மாட்டேன்."

ஒரு பெண்ணின் குரல், அழுது அழுது கம்மிப்போயிருந்தது. "அண்ணா, பஸ் டிரைவரோட பொண்ணு பேசறேன். அப்பா வந்து கதவைத் திறந்துட்டாரு. அந்தப் பொண்ணையும் வீட்டுக்கு வரச் சொல்லுன்னு சொல்லிட்டாரு. ஆனா அவருக்கு இன்னும் பயம் போகல. அடுத்த கூட்டத்துக்கு எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரணுமாம், உங்க ரெண்டு பேரையும் ஒருதடவை பக்கத்துல பார்த்துப் பேசணுமாம். அன்னைக்கு இருப்பீங்களா?"

சின்னவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நெட்டையின் பிடரியையே பார்த்தான்.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றான். "வாங்க. நாங்க ரெண்டு பேரும் இருப்போம்."

நெட்டை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை வீட்டுத் தெருவுக்குள் திருப்பினான்.