லிஃப்டில் இருந்தவர்

மச்சினி அந்தக் கதையை ஏழாவது ஆளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஆள் கதை வளர்ந்தது. முதல் ஆளிடம் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. இப்போது அது அறுந்து விழுகிற நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா வலியில துடிக்கிறா. மாமா பக்கத்துலயேதான் நிக்கிறாரு. வெளிய ஒரே சத்தம், லிஃப்ட் மாட்டிக்கிச்சு, உள்ள ஒரு பெரியவருன்னு. மாமா யோசிக்கவே இல்லியே! ஓடிப்போய் காப்பாத்திட்டாரு. அதனால பொண்ணு பொறந்ததைக்கூடப் பாக்கல, பாவம்."

அந்தப் 'பாவம்' அவன் முதுகில் வந்து விழுந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவனுக்குப் பதினோரு வருடமாகத் தொழில். பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, கீழே பதினாறு மாடி இருட்டு வாயைப் பிளந்துகொண்டிருக்க, கம்பி வடத்தைத் தடவிப் பார்ப்பவன். அப்போதெல்லாம் அவனுக்குக் கால் நடுங்கியதில்லை. இன்று காலை, பிரசவ அறையில், மனைவியின் தொண்டையிலிருந்து அவளுடையதே அல்லாத ஒரு குரல் கிளம்பியபோது அவன் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினான். அந்த நேரம் பார்த்து வெளியே காவலாளி, லிஃப்ட் நின்றுவிட்டது என்று கத்தினார். "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "தட்டிப் பாத்துட்டேன், சத்தமே இல்ல" என்று அவர் சொன்னதும் அவன் காதில் தெளிவாகவே விழுந்தது.

மனைவி கட்டிலிலிருந்து அவன் பக்கம் கையை நீட்டினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"உள்ள யாரோ மாட்டியிருக்காங்களாம். இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினான்.

மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை இறக்கி, கீழே வந்து கதவைத் திறந்தான். ஒரு காலி வீல்சேர் இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மறுபடி மாடியேறினான். மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

இறங்கி வந்தபோது குழந்தை துடைக்கப்பட்டு மனைவியின் மார்பில் கிடந்தது. "யாரு மாட்டிக்கிட்டது?" என்று அவள் கேட்டாள். அந்த நிலையிலும் கேட்டாள். "ஒரு பெரியவரு. மூச்சு வாங்கிக்கிட்டிருந்தாரு" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

மச்சினி போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "அந்தப் பெரியவர் எந்த வார்டுன்னு விசாரிங்க. இவளை வந்து ஒரு தடவை பாக்கட்டும்."

"அவரு அப்பவே வீட்டுக்குப் போயிட்டாரு."

"அப்படியா? சரி விடுங்க." அவள் அதை அப்படியே நம்பினாள். குழந்தையின் நெற்றியைத் தடவினாள். "இவ வளந்ததும் முதல் கதையா இதைத்தான் சொல்வேன். நீ பொறந்த நேரத்துல உங்கப்பா ஒரு உயிரைக் காப்பாத்தினாருன்னு."

தப்பித்துவிட்டோம் என்று ஒரு கணம் உடம்பு லேசானது. அந்த லேசுதான் அவனை இன்னும் கூசவைத்தது. இந்தக் கதையை ஐந்து வயதில் மகள் கேட்பாள். பத்து வயதில் பள்ளியில் சொல்வாள். அவனும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நர்ஸ் வந்தார். குழந்தையின் உள்ளங்கையில் அவன் விரலை வைக்கச் சொன்னார். அது சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பாருடா, அப்பாவை விடமாட்டேங்கறா! கெட்டிக்காரிதான்" என்றாள் மச்சினி.

"பேனாவைக் குடுத்தாலும் இப்படித்தான் பிடிப்பா. ரொம்பப் பெருமைப்படாதீங்க" என்றார் நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி, தலையைத் தாங்கியிருந்த கையைக் கொஞ்சமே கொஞ்சம் தணித்தார். குழந்தை திடுக்கிட்டது. இரண்டு கைகளும் விருட்டென்று விரிந்தன, விரல் விரலாக. மறுகணம் எதையோ அணைப்பதுபோல் மார்புக்கு வந்தன. அழுகை வெடித்தது.

"ஐயோ, ஏம்மா பயமுறுத்தறீங்க?" என்றாள் மச்சினி.

"நல்லாருக்கான்னு பாக்கறதுதான். விழப்போறோம்னு தோணினா கையை விரிச்சு, பக்கத்துல இருக்கறவங்களப் பிடிக்கப் பாக்கும். யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். காலையில் கட்டிலிலிருந்து நீண்ட கையும் இப்படித்தான் விரிந்திருந்தது.

நர்ஸ் போனார். மச்சினி டீ வாங்கக் கிளம்பினாள். அறையில் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஆனால் உட்காரவில்லை.

"உள்ள யாருமே இல்ல."

"எதுக்குள்ள?"

"லிஃப்ட்ல. காலி வீல்சேர்தான் இருந்துச்சு. பெரியவர் யாரும் இல்ல. சரி பண்ணிட்டு, மேலயே உக்காந்துட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சுவிட்ச் போர்டைத் தொடச்சிட்டிருந்தேன்."

"அழுக்கா இருந்துச்சா?"

"இல்ல."

குழந்தை மூக்கால் மார்பைத் துழாவியது. அவள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். பக்கத்துல உக்காந்து பயப்படுங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவன் தலை நிமிரவில்லை.

"நர்சம்மாவுக்கு ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு. தரை தொடைக்க வந்த அம்மாதான் பக்கெட்டைக் கீழ வச்சுட்டு கையைக் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் விடல. அவங்க முகம்கூட எனக்குச் சரியா ஞாபகமில்ல. போய்க் கூட்டிட்டு வாங்க. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

மூன்றாம் மாடியில், லிஃப்ட் வாசலிலேயே அந்த அம்மா துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஈரத்தில் காலை வைத்தவனை முறைத்தார்.

"ஓரமா வா தம்பி. அட, நீதானா அந்த லிஃப்ட் ஆளு? பெரியவரைக் காப்பாத்தினியாமே, ஆஸ்பத்திரியே பேசுது."

"பெரியவர் யாரும் இல்லம்மா. நான் பயந்து ஓடிட்டேன். என் வீட்டுக்காரி உங்களப் பாக்கணுங்கறா."

அவர் தரைத்துணியைப் பிழிந்தார். "ஓடின ஆளுக்கு வழி தெரிஞ்சிருக்கே, திரும்பி வந்திருக்கியே" என்றார். சிரிக்கவில்லை. மணிக்கட்டில் நான்கு நகக்குறிகள், சிவந்து, பிறை பிறையாக. அவன் அதையே பார்ப்பதைக் கண்டு, "உன் வீட்டுக்காரிக்கு நகம் வெட்டிவிடு, முதல்ல" என்றார்.

"வலிக்குதாம்மா?"

"எனக்கென்ன வலி? வலி கட்டில்லதானே இருந்துச்சு."

அவருடைய பக்கெட்டை அவன் தூக்கிக்கொண்டான். இருவரும் படியேறினார்கள்.

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். மனைவி அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவன் வாசலிலேயே, பக்கெட்டோடு நின்றான்.

மச்சினி டீயோடு வந்தாள். "இவங்க யாரு?"

மனைவி அவன் பக்கம்கூடத் திரும்பவில்லை. மச்சினியின் போன் அடித்தது.

"பெரியத்தைதான். விஷயம் தெரிஞ்சுடுச்சு போல. இருங்க, மாமா கதையைச் சொல்லிடறேன்."

"அந்தப் போனை இங்க குடும்மா" என்றான் அவன்.

"அடேங்கப்பா, ஹீரோவே பேசப்போறாரா?"

பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினான். ஹலோ என்றான். "நான்தான் பேசறேன். லிஃப்ட்ல பெரியவர் யாரும் இல்ல" என்றான்.