இன்னும் ஒரு வெள்ளை

மஹ்ஜூபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெத்தையில் உட்கார்ந்தால் அது இடுப்புவரை உள்ளே இழுத்தது. எழுந்து நின்றால் எங்கிருந்தோ ஒரு பெண் ஓடிவந்து, "ஏதாவது வேணுமா, லல்லா?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதே காலையிலிருந்து ஒரு வேலையாகப் போய்விட்டது.

மராக்கேஷுக்கு வெளியே, பேரீச்சந்தோப்பின் நடுவில் இருந்த அந்த விடுதிக்கு மகள் நுஸ்ஹா நேற்றுதான் அவளை அழைத்து வந்திருந்தாள். வானம் தெரிகிற குளியலறை, கட்டிலுக்கு எதிரே கணப்பு, வாசலில் தனியாக ஒரு நீச்சல் குளம். குளத்தில் யாரும் இறங்கவில்லை, ஆனாலும் மணிக்கொரு முறை ஒருவன் வந்து அதைச் சுத்தம் செய்துவிட்டுப் போனான்.

கணவர் லஹ்சன் இறந்து, துக்கக் காலமான இத்தா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் தலைத்துணி முதல் காலுறைவரை வெள்ளை உடுத்தி, வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்து முடித்தாள். அதன்பின் குளித்து, அந்த வெள்ளைத் துணிகளை வழக்கப்படி ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்தாள். துணியைக் கொடுத்த மறுநாளே மகள் காசாபிளாங்காவிலிருந்து பச்சை கஃப்தான் அங்கி ஒன்றோடு வந்து இறங்கினாள்.

"இத்தனை நாள் அடைஞ்சு கெடந்தீங்க யம்மா. ரெண்டு நாள் நல்ல எடத்துல இருந்து காத்து வாங்கிட்டு வரலாம்."

பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்கிற மகளுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது மஹ்ஜூபாவுக்கு அப்போதே உறுத்தியது. அதைவிட உறுத்தியது மகன் இத்ரீஸ் சொன்ன காரணம். "நீங்க போங்க. நான் வீட்டுல இருந்து அந்த ஒழுகுற குழாயச் சரி பண்றேன்" என்றான். பிறந்ததிலிருந்து ஒரு திருகைத் திருகாதவன் அவன்!

வீட்டை விற்க வேண்டும் என்று நாற்பதாம் நாள் விருந்திலேயே பேச்செடுத்தவனும் அவன்தான். பழைய நகரத்தில், சந்துக்குள் சந்தாகப் போய் முடிகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. வெளியே மண் சுவர். உள்ளே நுழைந்தால் முற்றமும், நடுவில் ஒரு நாரத்தை மரமும், சுற்றிலும் அறைகளும். வெளியூர்க்காரர்கள் இப்படிப்பட்ட வீடுகளைத் தேடித் தேடி வாங்கி விடுதியாக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தா இருக்கும் பெண்ணை உள்ளே வைத்துக்கொண்டு வீட்டை யாருக்கும் காட்ட முடியாது, காட்டினால் ஊர் காறித் துப்பும் என்பதால் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் மனத்தில் குடைந்துகொண்டே இருந்தது. போதாததற்கு இது நாரத்தை பூக்கும் காலம். வெயில் ஏறுவதற்குள் பூவை வாரிச் செம்புப் பானையில் போட்டு வடித்தால்தான் வருடம் முழுவதற்கும் பூநீர். அந்த விடுதியிலும் நாரத்தை மரங்கள் வரிசையாக நின்றன. காலையில் ஓர் ஆள் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த பூவையெல்லாம் காற்றால் ஊதி ஊதி ஒதுக்கி, கறுப்புப் பையில் அள்ளிக் குப்பையில் போட்டான். பார்த்துக்கொண்டிருந்த மஹ்ஜூபாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அது பூப்பா."

"குப்பை, லல்லா. வழுக்கும்" என்றான் அவன் மரியாதையாக.

மதியம் ஹம்மாம் என்கிற நீராவிக் குளியலுக்கு அனுப்பினார்கள். சந்து முனையில் இருக்கும் ஹம்மாமில் தேய்த்துவிடுகிறவள் தேய்த்தால் தோல் சிவந்து, பாவமெல்லாம் உருண்டு விழும். இங்கே இருந்த பெண்ணோ கண்ணாடிச் சாமானைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள். "அழுத்தித் தேயேன்மா, நான் ஒடஞ்சிட மாட்டேன்" என்று மஹ்ஜூபா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்தாளே தவிர அழுத்தவில்லை. கடைசியில் உள்ளாடைக்கு மேல் உடுத்திக்கொள்ள ஓர் அங்கியைக் கொடுத்தாள். துவாலைத் துணியில், ஊரில் எல்லாரும் போடுகிற நீள உடுப்பான ஜல்லாபா மாதிரியே தலைமூடியோடு தைத்த வெள்ளை அங்கி. மார்பில் தங்க நூலில் சின்னதாக ஒரு பேரீச்ச மரம். காலுக்கு வெள்ளைச் செருப்பு. மற்றவர்களுக்கு முழங்கால்வரை வரும்போலிருக்கிறது, குள்ளமான மஹ்ஜூபாவுக்குக் கணுக்கால்வரை வந்தது.

மகளைத் தேடி வெளியே வந்தாள். நுஸ்ஹா பந்தலுக்குக் கீழே, முகம் முழுக்கச் சேறும், கண்களின் மேல் இரண்டு வெள்ளரித் துண்டுமாக மல்லாந்து கிடந்தாள். காதில் போன்.

"ஆமாண்ணா... வீடு பாக்க ஹாஜி அஸர் தொழுதுட்டுத்தானே வர்றாரு? நாளைக்கு வரைக்கும் யம்மாவ இங்கயே வெச்சிக்கறேன், கவலப்படாத. அந்தச் செம்புப் பானைய மொட்ட மாடில தூக்கிப் போட்டுரு, இல்லன்னா முற்றம் அடசலாத் தெரியும்... கேட்டா, யம்மா எங்ககூட காசாபிளாங்காவுக்கே வந்துட்டாங்க, வீடு காலியாத்தான் கெடக்குன்னு சொல்லு. வெல பேசி முடிச்சப்புறம் அழுவாங்க, கொஞ்ச நாள். சரியாப் போயிரும்."

மஹ்ஜூபா இரண்டு அடி தூரத்தில் நின்றாள். அந்த வெள்ளரித் துண்டுகளைப் பிடுங்கி எறிந்து, பெற்ற வயிறு எரிய நாலு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டு என்ன ஆகும்? நுஸ்ஹா அழுவாள், காலைப் பிடிப்பாள், அதற்குள் அங்கே பேச்சு முடிந்திருக்கும். அறைச் சாவி மகளிடம் இருந்தது. துணிமணி, பணப்பை எல்லாம் அறைக்குள் இருந்தன.

அப்படியே திரும்பி நடந்தாள். பளிங்குப் பாதை, பூத்தொட்டிகள், வாசல் கூடம். வாயிற்காப்போன் தலை குனிந்து கதவைத் திறந்துவிட்டான். அங்கியோடு சுற்றுகிற விருந்தாளிகளை அவன் தினமும் பார்க்கிறவன்.

வெளியே யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு டாக்சி. மஹ்ஜூபா கையைக் காட்டினாள். ஓட்டுநர் அவளைப் பார்த்ததும் அலறிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். இறங்கி வந்து, தானே பின்கதவைத் திறந்தான்.

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். ஏறுங்க லல்லா."

இவனுக்கு எப்படித் தெரியும் என்று மஹ்ஜூபாவுக்குப் புரியவில்லை.

"பாப் துக்காலா போகணும். ஆனா கையில காசு இல்லப்பா. போனதும் பக்கத்து வீட்டுல வாங்கித் தரேன்."

"காசா? வெள்ளையில இருக்கிறவங்ககிட்ட காசு வாங்கினா என் தாயே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா." வண்டியைக் கிளப்பினான். "இத்தா இருக்கிற நேரத்துல உங்கள இவ்ளோ தூரம் அலைய வெச்சது யாரு? புள்ளைங்க இங்க வேல பாக்குதா?"

"புள்ளைங்க விஷயமாத்தான் வந்தேன்" என்றாள் மஹ்ஜூபா. அதில் பொய் எதுவும் இல்லை.

அப்போதுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். வெள்ளைத் தலைமூடி, கணுக்கால்வரை வெள்ளை அங்கி, வெள்ளைச் செருப்பு. ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த வெள்ளை திரும்பி வந்து மேலே ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது.

"வெளிச்சம் போறதுக்குள்ள வீட்டுல இருக்கணுமே நீங்க. பயப்படாதீங்க, கொண்டு சேத்துர்றேன்" என்றான் ஓட்டுநர். சேர்க்கிற வேகத்தில் ஒரு கழுதை வண்டியையும் இரண்டு சைக்கிள்களையும் ஓரமாகத் துரத்தினான். "யாரு, வீட்டுக்காரரா?"

"ஆமா. லஹ்சன்னு பேரு. ரேடியோ ரிப்பேர் பண்ணுவாரு. ஊரு ரேடியோ எல்லாம் பாடும். எங்க வீட்டு ரேடியோ மட்டும் கடைசி வரைக்கும் பாடல."

சொல்லி முடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. உண்மையான வெள்ளையில் இருந்தபோது அவள் இப்படி அழுததே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், அழுகை பாதியிலேயே நின்றுவிடும். இப்போது இந்த ஹோட்டல் துவாலைக்குள் உட்கார்ந்துகொண்டு, தெரியாத ஒருவனின் முதுகுக்குப் பின்னால், லஹ்சனுக்காக வாய்விட்டு அழுதாள். துவாலை என்பதால் கண்ணையும் மூக்கையும் துடைக்க வசதியாக இருந்தது.

பாப் துக்காலா கோட்டை வாசலில் இறங்கிச் சந்துக்குள் விரைந்தாள். எதிர்ப்பட்ட ஆண்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு எதிர்வீட்டுப் படியில் பத்தூல் உட்கார்ந்திருந்தாள். இத்தா முடிந்த அன்று தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டவளே அவள்தான்.

"அடியே! மறுபடியும் வெள்ளையா? இப்ப யாருடி போனா?"

"யாரும் போகல. என் வீடுதான் போகப் பாக்குது."

பத்தூல் எழுந்து வந்து அங்கியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள். "துவாலை!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிவிட்டுக் காதருகே குனிந்தாள். "ஹாஜி ஒருத்தர் உள்ள போயிருக்காரு. காசாபிளாங்கா ஆளு மாதிரி இருக்கு. உன் மவன் பல்லெல்லாம் தெரிய இளிச்சிக்கிட்டு நிக்கிறான்." தலைமூடியை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். "கைய நெஞ்சுல வெச்சுக்க. அந்தத் தங்க மரம் தெரியுது பாரு. ம், இப்ப போ."

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே, நாரத்தை மரத்தடியில், நல்ல சரிகை ஜல்லாபா போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். கீழே பூ உதிர்ந்து கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு இத்ரீஸ் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தான்.

"இந்த மரத்த எடுத்துட்டா, ஹாஜி, இங்க ஒரு சின்ன நீச்சல் குளம் வெச்சுரலாம். வர்றவங்களுக்கு அதான வேணும்..."

ஹாஜி வாசலைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று கண்ணைத் தாழ்த்தி, இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னா லில்லாஹி... மன்னிக்கணும் லல்லா. உள்ள ஆள் இருக்குன்னு தெரியாது. வீடு காலின்னாங்க."

"காலியில்ல" என்றாள் மஹ்ஜூபா. நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. "என் புருஷன் வீடு. அந்த அறையிலதான் மூச்ச விட்டாரு."

"அல்லாஹ் அவரைப் பொருந்திக்கட்டும். எப்போ?"

"எனக்கு நேத்து மாதிரி இருக்கு."

அதுவும் பொய்யில்லை. ஹாஜி மெதுவாக இத்ரீஸ் பக்கம் திரும்பினார். இத்ரீஸ் அம்மாவையே வெறித்துக்கொண்டிருந்தான். அங்கி, தலைமூடி, செருப்பு என்று அவன் கண்கள் மேலும் கீழும் போயின. அவன் பணம் கட்டிய விடுதி. அந்த அங்கி எதுவென்று அவனுக்குத் தெரியாதா?

"யம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தான்.

 ஒரு வார்த்தை போதும். இது ஹோட்டல் துணி, ஹாஜி, இத்தா போன வாரமே முடிந்தது என்று அவன் சொன்னால், வீடும் போச்சு, மானமும் போச்சு. அவள் மகனின் முகத்தையே பார்த்தாள். நீயே சொல், என்பது போலப் பார்த்தாள்.

அவன் வாய் திறந்தது. மூடியது.

"உங்கம்மா காசாபிளாங்காவுல இருக்காங்கன்னு சொன்னியே?" என்றார் ஹாஜி. குரல் உயரவில்லை. அதனால்தான் சுள்ளென்று பட்டது. "வெள்ளையில இருக்கிற தாய வீட்டுல வெச்சிக்கிட்டு, மரத்த வெட்டிக் குளம் தோண்டலாங்கிறியே, நீ ஆம்பளையா? எனக்கும் மூணு பொண்ணு இருக்குப்பா. இந்தக் கதை தெரிஞ்சா என் பொண்டாட்டி எனக்குச் சோறு போடமாட்டா." வாசலை நோக்கி நடந்தவர், தரையில் பூ இருப்பதைக் கண்டு கால் படாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார். "உங்க துஆல என்னை மறந்துராதீங்க, லல்லா."

கதவு மூடியது. வெளியே பத்தூல் அவரிடம் ஏதோ பெருமூச்சோடு சொல்வது கேட்டது. இனி அது சாயங்காலத்துக்குள் பாப் துக்காலா முழுக்கப் பரவிவிடும்.

"யம்மா, இது ஹோட்டல் அங்கி" என்றான் இத்ரீஸ்.

"தெரியும்டா. அத அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

இத்ரீஸ் குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டான்.

"சொல்லியிருந்தா, எந்த ஹோட்டலு, அங்க ஏன் கொண்டுபோய் விட்டேன்னு சேத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதான?"

இத்ரீஸின் போன் அடித்தது. நுஸ்ஹா. அதை அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. மஹ்ஜூபா உள்ளே போய்த் தன் பழைய நீல உடையைப் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளை அங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தடியில் அதை உதறி, கைகளையும் தலைமூடியையும் இழுத்து, ஒரு மனிதர் படுத்திருப்பது போல நீளமாக விரித்தாள். தங்க மரம் கீழ்ப்பக்கம் போனது.

"யம்மா, ஹோட்டல்காரன் கேப்பான்."

"கேக்கட்டும். நீ குடுத்துக்க." நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். கோபம் எங்கோ போயிருந்தது. களைப்புதான் மிச்சம் இருந்தது, அதோடு இவனை இப்படியா வளர்த்தோம் என்ற வருத்தமும். "இத்தா வெள்ளை ஒண்ணு, நானா உடுத்தினேன். இது ரெண்டாவது, நீங்க ஏமாத்தி உடுத்திவிட்டது. இன்னும் ஒரு வெள்ளை பாக்கி இருக்குடா எனக்கு. அத நீங்கதான் உடுத்திவிடணும். உடுத்திவிட்டு, தூக்கிட்டுப் போய் அவர் பக்கத்துல வெச்சுட்டு வந்து, அப்புறம் இந்த வீட்ட வித்துக்கங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

இத்ரீஸ் விரித்துக் கிடந்த அந்த அங்கியைப் பார்த்தான்.  சட்டென்று உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கைகள் இரண்டையும் உள்ளே மடித்து, அது வெறும் சதுரத் துணியாகத் தெரியும்வரை அவசர அவசரமாகச் சரிசெய்தான்.

"மொட்ட மாடிலேர்ந்து பானைய எறக்கிட்டு வா" என்றாள் மஹ்ஜூபா, கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே.