பாதி இழுவை

பட்டறையில் அவனை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்பு மாட்டக்கூட யோசித்து யோசித்துக் காலை நீட்டுகிற ஆள். அப்படிப்பட்டவன் இழுக்கும் நரம்பு பட் பட்டென்று அறுவதும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அவன் மனைவி இழுப்பது கம்பி மாதிரி நிற்பதும் எந்த ஊர் நியாயம்? ஒரு வாரமாக அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே செய்வது தூண்டில் நரம்பு. கூடு கட்டத் தயாரான பட்டுப்புழுவை வினிகரில் ஊறப்போட்டு, வயிற்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் பட்டுப்பையை எடுக்க வேண்டும். விரல் நீளப் பையை இரு முனையும் பிடித்து ஒரு முழத்துக்கு இழுத்தால் அதுவே நரம்பு. காய்ந்ததும் மேஸ்திரி ஒவ்வொன்றிலும் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நேற்று நிதானத்துடையது பத்தில் ஆறு போய்விட்டது.

“நாளைக்கு மூணு எடுத்துப் பாப்பேன். ஒண்ணு அறுந்தாலும் நீ புழுவுக்கு இலை வெட்டப் போயிடு,” என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

மனைவிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவனே அவன். எதிர் மேசையில் அவள் இருக்க, இவன் இலை வெட்டப் போனால் மானம் கப்பலேறிவிடும். பாதி இழுவையில் நிறுத்தி நிறுத்தி அவள் கையைப் பார்த்தும் ரகசியம் பிடிபடவில்லை.

“ஒரே தொட்டி, ஒரே புழு. அப்புறம் எப்படிண்ணே?” என்று மேஸ்திரியையே கேட்டான்.

“புழு வயித்துல பட்டு பசை மாதிரிதான் கெடக்கும். உள்ள எல்லாம் ஒரே சிக்கல். வினிகர் அதை இறுக்கும். நீ இழுக்க இழுக்க சிக்கல் நேராகி, ஒண்ணோட ஒண்ணு கெட்டியா புடிச்சுக்கும். பலமே அதுதான்.”

“இழுத்தா மெலியும்ல? மெலிஞ்சது எப்படிண்ணே பலமாகும்?”

“உசுரோட இருக்கிற புழுவும் தலையை ஆட்டி ஆட்டி இழுத்துத்தான் நூலாக்குது. அதைப் போய்க் கேளு.”

கேட்கலாம் என்றால் அது வினிகரில் கிடந்தது.

மறுநாள் காலை அவன் வந்தபோது மனைவி முக்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. கட்டினவளுக்கே இளக்காரமாகிவிட்டோமா? வீட்டில் நன்றாகத்தானே பேசினாள்? பார்ப்பதற்கு எதிரே அவள் சடைப்பின்னலைத் தவிர ஒன்றுமில்லை. முதல் பையை எடுத்து, வந்த ஆத்திரத்தில் ஒரே மூச்சில் இழுத்தான். அடுத்ததும் அப்படியே. நாள் முழுக்க நினைப்பு அந்த முதுகின் மேல்தான்.

சாயங்காலம் மேஸ்திரி கல்லைத் தொங்கவிட்டார். முதலாவது நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது ஆடியது. நிதானம் கண்ணை மூடிக்கொண்டான்.

“என்னடா பண்ணினே?” என்றார் மேஸ்திரி. கல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவனுக்கே தெரியவில்லை. நேராக மனைவியிடம் போனான்.

“என் மேல என்ன கோவம்?”

“கோவமா? பாதி இழுவையில நின்னு நின்னு என்னையே பாக்குறீங்க. நின்ன எடம் இறுகிடுது. மறுபடி இழுத்தா அது நீளாம, பக்கத்து எடம் மெலியுது. அங்கதான் அறுது. அதான் திரும்பி உக்காந்தேன்.”

“எத்தனை நாளா தெரியும்?”

“ஒரு வாரமா.”

“வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா, நிக்கக் கூடாது, நிக்கக் கூடாதுன்னு நெனச்சே நின்னிருப்பீங்க.”

வேலை தப்பியதற்குச் சந்தோஷப்படுவதா, ஒரு வாரம் வேடிக்கை பார்த்தாளே என்று சண்டை பிடிப்பதா என்று அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் இப்படித்தான் கேட்டான்:

“நாளைக்காவது இந்தப் பக்கம் திரும்பி உக்காருவியா?”

“மாட்டேன்,” என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.