நுனியில் பூக்காத செடி

நம்பாதவர்கள் என் மச்சினன் கழுத்தை வந்து பார்க்கலாம். பச்சைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவன்தான் சட்டைப் பித்தானை அவிழ்க்க மாட்டான்.

நாங்கள் இருவரும் ஒரு செடி ஆராய்ச்சிக் கூடத்தின் கண்ணாடி வீட்டில் வேலை பார்க்கிறோம். செடிகள் பூக்களை அடுக்குவதில் இரண்டு வகை. ஒன்று, தண்டின் நுனியிலேயே முதல் பூவை வைத்து, வளர்ந்தது போதும் என்று நின்றுவிடும். இன்னொன்று பக்கவாட்டில் மட்டும்தான் பூக்கும்; நுனி பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். கீழ்மொட்டு முதலில் மலரும், பிறகு அதற்கு மேலே இருப்பது, பிறகு அதற்கும் மேலே. எங்கள் வளர்ச்சி மருந்தை நிற்கத் தெரிந்த செடிக்குத்தான் தெளிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டால் அழகு போய்விடும் என்று வெறுங்கண்ணால் பார்த்த மச்சினன், மற்றதுக்குத் தெளித்துவிட்டான்.

நான் டீ குடித்துவிட்டு வந்தால் கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். கைத் தடிமனுக்கு ஒரு தண்டு கதவை அடைத்துக்கொண்டு, ஸ்டூல்மேல் ஏறி நின்ற மச்சினன் காலைச் சுற்றி இடுப்புக்கு வந்திருந்தது.

"அத்தான்! இது நம்மள விடாது போலிருக்கே!"

"அசையாத மாப்ளே. எதுவரைக்கும் பூத்திருக்கு?"

"முட்டி வரைக்கும்... ஐயோ, தொடைக்கு வந்துடுச்சு! நுனியை வெட்டிட்டேன் அத்தான், கேக்கல!"

"வெட்டிட்டியா? அடப்பாவி!"

நுனி போனால் கீழே தூங்கும் பக்கமொட்டுகள் விழித்துக்கொள்ளும். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு புது நுனிகள் கிளம்பி, இரண்டும் அவன் கழுத்தைத்தான் தேடின.

கூரை ஜன்னல் வழியே இறங்கினேன். நிற்கத் தெரிந்த செடியிலிருந்து இரண்டு பூக்களைப் பறித்து, செடி கட்டும் நூலை எடுத்தேன். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. அவன் தொண்டையருகே ஒரு மொட்டு மெல்ல இதழ் விரித்து அவன் தோலைத் தடவியது.

"அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நீயே சொல்லிக்கோ. மூச்சை இழுத்துப் பிடி."

இரண்டு நுனியிலும் பூவைக் கட்டினேன். பூத்தாயிற்று, இனி வளர வேண்டியதில்லை என்று தண்டு நம்பிவிட்டது. அப்படியே நின்றது. மச்சினன் பேன்ட்டை அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டு நெளிந்து வெளியே வந்தான். கூரை வழியே ஏறி வந்து ஜன்னலைச் சாத்தினோம். உள்ளே யாரும் போகக்கூடாது என்றாகிவிட்டது.

நேற்று அவன் ஓடிவந்தான், கழுத்தைக் கையால் மூடியபடி.

"அத்தான், நீங்க கட்டின பூ வாடிடுச்சு."

"உள்ள போனியா?"

"போகல. சாவித் துவாரத்துல ஒரு மொட்டு எட்டிப் பாக்குது."